கேள்வி பதில்: பிரிட்டனில் படிக்கப் போன பிள்ளைகளும் பல்கலைக்கழகத்தின் மனநல உதவியும்

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் உதவிப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை, கவுன்சலரும் இல்லை. கவுன்சலரிடம் யாரை அனுப்புவது, அனுப்பியவர் ஏன் போகவில்லை என்று பார்ப்பதுதான் என் வேலை. வந்த கேள்விகளில் ஒன்று அவசரமானது. வரிசையை மாற்றி அதில் தொடங்குகிறேன்.

"அக்கா, என் ரூம்மேட் ரெண்டு வாரமா கிளாஸுக்குப் போகல. நாள் முழுக்கத் தூங்குறான். நேத்து 'இருந்து என்ன பிரயோஜனம்'னு சொன்னான். விளையாட்டுக்குச் சொன்னானான்னு தெரியல." (லெஸ்டர், எம்.எஸ்சி. மாணவர்)

தம்பி, விளையாட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாடா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். அப்படி ஆவதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம்.

ஆமாம் என்று சொன்னால் தனியாக விடாதீர்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அவசர உதவி எண் 999. அந்த அளவுக்கு இல்லை, ஆனால் காலை வரை பொறுக்க முடியாது என்றால் 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்துங்கள். இங்கிலாந்தில் அது மனநல நெருக்கடிக்கான வழி, இரவு பகல் எப்போதும் உண்டு. பேசினால் போதும் என்றால் சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பு, 116 123, காசு கிடையாது. பல்கலைக்கழக செக்யூரிட்டி எண்ணையும் போனில் சேமித்து வையுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு போனை எடுக்கிற ஆள் பெரும்பாலும் அவர்தான்.

காலையில் பல்கலைக்கழகத்தின் வெல்பீயிங் (மாணவர் நலம்) பிரிவுக்கு நீங்களே எழுதலாம்: "என் நண்பனைப் பற்றிக் கவலையாக இருக்கிறது." அது காட்டிக்கொடுப்பது ஆகாது. அப்புறம், இந்த ரெண்டு வாரம் அவனைப் பார்த்துக்கொண்டு நீங்கள் ஒழுங்காகத் தூங்கினீர்களா? உங்களுக்காகவும் அங்கே போகலாம்.

"கவுன்சலிங் போனா ஹோம் ஆபீஸுக்குத் தெரிஞ்சிடும், விசா நீட்டிக்க மாட்டாங்கன்னு சீனியர் சொல்றார். உண்மையா மேடம்?" (மான்செஸ்டர், மாணவி)

உண்மை இல்லை. ஆனால் இந்த வதந்தி ஏன் சாகவில்லை என்று எனக்குத் தெரியும்.

உங்கள் விசாவுக்கு ஸ்பான்சர், அதாவது பொறுப்பேற்றிருப்பது, பல்கலைக்கழகம். நீங்கள் பதிவு செய்யவில்லை, வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டீர்கள், படிப்பை விட்டுவிட்டீர்கள் என்றால் அதை ஹோம் ஆபீஸ் என்ற உள்துறைக்குத் தெரிவிக்கும் கடமை அதற்கு இருக்கிறது. கவுன்சலரிடம் நீங்கள் பேசியது அந்தக் கணக்கில் வராது. ஸ்டூடன்ட் விசாவுக்கு இந்தியாவில் உங்களிடம் கேட்ட மருத்துவச் சான்று என்ன என்று யோசித்துப் பாருங்கள். காசநோய்க்கானது, அவ்வளவுதான். கவுன்சலர் ரகசியத்தை மீறுவது உயிருக்கு ஆபத்து என்பது போன்ற நிலையில் மட்டும், அதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார்.

விசாவைப் பாதிப்பது மௌனம்தான் அம்மா. மனசு சரியில்லை என்று யாரிடமும் சொல்லாமல் அறையில் படுத்துக்கொள்வது, நாலு வாரம் கழித்து அட்டெண்டன்ஸ் கடிதம் வருவது, அந்தப் பயத்தில் மெயிலையே திறக்காமல் விடுவது.

பல்கலைக்கழகங்களின் தப்பும் இதில் உண்டு. "உன் வருகைப்பதிவு குறைந்துவிட்டது, விசா பாதிக்கப்படலாம்" என்று மூன்று பத்தி. கீழே சின்ன எழுத்தில், "உனக்கு ஆதரவு தேவைப்பட்டால் இங்கே கிளிக் செய்". ஒரே லோகோ, ஒரே கையெழுத்து. மிரட்டுகிற ஆளும் அணைக்கிற ஆளும் ஒருவரே என்றால் பிள்ளை எப்படி நம்பும்?

இன்னொன்று. விசா எடுக்கும்போதே வருடத்துக்கு 776 பவுண்ட் வீதம் ஹெல்த் சர்சார்ஜ் கட்டியிருப்பீர்கள். அந்தக் காசுக்கு என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் டாக்டர் உங்களுக்கும் உண்டு. இங்கிலாந்தில் ஒரு ஜி.பி.யிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், பதிவு செய்துவிட்டால் போதும், டாக்கிங் தெரபீஸ் என்ற பேச்சு சிகிச்சைச் சேவைக்கு நீங்களே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்.

"பையன் பத்து நாளாகச் சரியாகப் பேசவில்லை. யுனிவர்சிட்டிக்கு மெயில் போட்டால் 'தகவல் தர இயலாது' என்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்து ஃபீஸ் கட்டியிருக்கிறேன். அப்பனுக்கே சொல்ல மாட்டார்களா?" (கோயம்புத்தூர், ஒரு தந்தை)

ஐயா, உங்கள் கோபம் புரிகிறது. பதினெட்டு முடிந்தால் இந்த நாட்டுச் சட்டத்தில் அவர் தனி ஆள். ஃபீஸ் யார் கட்டினார்கள் என்பது அங்கே செல்லாது.

ஆனால் அவர்கள் உங்களுக்குச் சொல்ல முடியாதே தவிர, நீங்கள் சொல்வதைக் கேட்கலாம். பெயர், மாணவர் எண், கடைசியாகப் பேசிய தேதி, என்ன மாற்றம் கண்டீர்கள், இவ்வளவும் நாலு வரியில் எழுதி, "தயவுசெய்து ஒருவர் நேரில் போய்ப் பார்க்க முடியுமா?" என்று முடியுங்கள். "தகவல் கொடுங்கள்" என்று எழுதினால் மறுப்புக் கடிதம் வரும். "போய்ப் பாருங்கள்" என்று எழுதினால் பெரும்பாலும் ஒருவர் கதவைத் தட்டுவார்.

2018-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. எனக்குப் பெரிய சிக்கல் என்று நீங்கள் நினைத்தால் இன்னாரைக் கூப்பிடலாம் என்று மாணவரே சேரும்போது ஒப்புதல் கொடுத்துவிடலாம். பெரும்பாலானோர் கொடுத்தார்கள். 2022-ல் பல்கலைக்கழகங்களின் பொது அமைப்பான யுனிவர்சிட்டீஸ் யூ.கே.யும் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. உங்கள் பையன் பதிவுப் படிவத்தில் யார் பெயரைக் கொடுத்திருக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். பல பிள்ளைகள் அந்த இடத்தில் ஏஜென்ட் நம்பரைப் போட்டு வைத்திருக்கிறார்கள்!

பேசும்போது "பத்திரம் பேங்கில் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ" என்பதை மட்டும் ஒரு மாதத்துக்கு விட்டுவிடுங்கள் ஐயா. அது அவருக்கு மறக்கவே மறக்காது. உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால் 14416, டெலிமனாஸ் என்ற இந்திய அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

"நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். யோகா, மைண்ட்ஃபுல்னஸ், நாய்க்குட்டியோடு விளையாடுவது எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டோம். வெளிநாட்டு மாணவர்கள் வருவதே இல்லை. வேறு என்ன செய்யலாம்?" (மிட்லாண்ட்ஸ்)

நாய்க்குட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சனி ஞாயிறு வேர்ஹவுஸில் ராத்திரி ஷிஃப்ட், வாரத்தில் சட்டம் அனுமதிக்கும் 20 மணி நேரத்தைத் தாண்டாமல் எண்ணி எண்ணி வேலை, மீதி நேரத்தில் அசைன்மென்ட் என்று ஓடுகிறவர் புதன்கிழமை மதியம் யோகாவுக்கு எங்கே வருவார்?

என் கணக்கு இது: நம் பிள்ளைகள் மனநலப் பிரிவின் கதவைத் தட்டுவதில்லை. விசா, ஃபீஸ், வாடகை, அட்டெண்டன்ஸ் என்று நாலு கவுன்டருக்கு வந்தே தீருவார்கள். உதவி அந்தக் கவுன்டரில் உட்கார வேண்டும். ஃபீஸ் தவணை கேட்டு வருகிறவரிடம் "சாப்பாட்டுக்கு எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்கத் தெரிந்த ஒரு கிளார்க், பத்து போஸ்டருக்குச் சமம்.

கவுன்சலரிடம் வந்தவர்களையும் தவறவிடுகிறோம். இங்கே முதலில் கையில் கொடுப்பது மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ. 9 என்ற தாள். ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஒரு மாணவர் அதை என் முன்னால் பூர்த்தி செய்தார். இரண்டாவது கேள்வி, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்த மாதிரி இருக்கிறதா? "இல்லவே இல்லை", 0. தூக்கம்? 3. களைப்பு? 3. சாப்பாடு? 3. "மனசுக்கு ஒண்ணும் இல்லக்கா, நெஞ்சுதான் அடைக்கிற மாதிரி இருக்கு" என்றார். கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கிறவருக்கு அவர் நடுத்தரம். தாளைப் படிக்கத் தெரிந்தவருக்கு, அவர் ஒரு மாதமாக உடம்பால் அழுதுகொண்டிருக்கிறார். இதைச் சொல்லிக்கொடுக்க அரை நாள் பயிற்சி போதும்.

அப்புறம் காலண்டர். இங்கே முதுகலை பெரும்பாலும் ஒரே வருடம். ஆறு வாரம் காத்திருங்கள் என்றால் அவருடைய மொத்தப் படிப்பில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விட்டது. மூன்று வருட உள்ளூர் மாணவருக்குப் போட்ட வரிசையிலேயே அவரையும் நிறுத்துவது நியாயமே இல்லை. அறிமுக வகுப்பும் அப்படித்தான். விமானம் இறங்கிய மூன்றாம் நாள் அறுபது ஸ்லைடு காட்டினால் ஒன்றும் ஏறாது. ஆறாவது வாரம், முதல் மார்க் வந்த பிறகு, அதையே இருபது நிமிடம் சொல்லிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று, செலவே இல்லாதது. நிதிப் பிரிவிடம் சொல்லுங்கள்: ஃபீஸ் பாக்கிக் கடிதத்தை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அனுப்பாதீர்கள். அதைப் படித்துவிட்டு திங்கள் காலை வரை கேட்க ஆள் இல்லாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று அந்த ஆட்டோமேட்டிக் மெயிலுக்குத் தெரியாது. செவ்வாய் காலை பத்து மணிக்கு அனுப்பினாலும் பாக்கி அதே பாக்கிதான்.

"அக்கா, ரெண்டு அசைன்மென்ட் பெயில். ஒரு டேர்ம் நிப்பாட்டிப்போட்டு ஊருக்குப் போய் வரலாமோ? எங்கட டியூட்டர் 'டேக் எ பிரேக்' எண்டு சொல்லுறார்." (யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டனில் படிப்பவர்)

படிப்பை நிறுத்திவைக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் தம்பி, முதலில் விசா ஆலோசகரைப் பாருங்கள். டியூட்டர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் உள்ளூர் மாணவருக்கு ஓய்வாக இருப்பது உங்களுக்கு விமான டிக்கெட்டாக மாறலாம். படிப்பு நிறுத்தம் 60 நாளைத் தாண்டினால், விதிவிலக்கான நிலைமை இருந்தாலொழிய, பல்கலைக்கழகம் ஸ்பான்சர் செய்வதை நிறுத்தியாக வேண்டும். விசா குறுக்கப்படும். திரும்பி வர புது விண்ணப்பம், புதுக் கட்டணம். இதை டியூட்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்காததுதான் நான் பார்த்த குறைகளிலேயே மோசமானது.

அதற்கு முன்னால் வேறு படிகள் இருக்கின்றன. உடல்நலம், மனநலம், குடும்பத்தில் இழப்பு போன்ற காரணத்துக்குக் கெடு நீட்டிப்பு கேட்கலாம், மறுதேர்வு கேட்கலாம். சில சமயம் அதற்கு ஜி.பி. கடிதம் கேட்பார்கள். அதனால்தான் முதல் வாரமே ஜி.பி.யிடம் பதியச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துகிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தில் சரியான பதில் கிடைக்கவில்லை என்றால் யுக்கிசா என்ற வெளிநாட்டு மாணவர் அமைப்பைக் கேளுங்கள்.

"பிரசன்டேஷன்னாலே கை நடுங்கி வாந்தி வருது. காலேஜ் நாள்லேருந்தே இப்படித்தான். சொன்னா மார்க் குறைப்பாங்களா?" (கார்டிஃப்)

குறைக்கக் கூடாது. 2010-ன் சமத்துவச் சட்டப்படி, 12 மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைப் பெரிதாகப் பாதிக்கும் மனநலச் சிக்கலும் மாற்றுத்திறன் கணக்கில் வரும். பல்கலைக்கழகம் நியாயமான மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். பேராசிரியர் முன் மட்டும் பேசுவது, வீடியோவில் பதிவு செய்து தருவது, இப்படி. பிரிஸ்டலில் பேச்சுத் தேர்வுகளில் கடும் பதற்றம் கொண்ட ஒரு மாணவி 2018-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். தேர்வு முறையை மாற்றித் தராதது பாகுபாடு என்று 2022-ல் நீதிமன்றம் சொன்னது, 2024-ல் உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அவர் உள்ளூர் மாணவி, ஆனால் சட்டம் உங்களுக்கும் ஒன்றுதான். அரசின் மாற்றுத்திறன் மாணவர் நிதி மட்டும் பொதுவாக வெளிநாட்டவருக்குக் கிடையாது. பல்கலைக்கழகமே செலவு செய்ய வேண்டும். இதைக் கேட்க வேண்டிய இடம் டிசபிலிட்டி சர்வீஸ் என்ற மாற்றுத்திறன் உதவிப் பிரிவு, பெயரைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

"நாங்கள் தொண்ணூறுகளில் வந்தபோது இதெல்லாம் இல்லை. இந்தத் தலைமுறைக்குத் தாங்கும் சக்தி குறைவு." (ஒரு மூத்தவர்)

அண்ணா, உங்கள் காலத்தில் கூட வந்த எல்லோரும் இன்று சௌக்கியமா? ஒருவராவது பாதியில் ஊருக்குப் போய் அப்புறம் பேச்சே இல்லாமல் ஆகவில்லையா? சரி, அடுத்தது.

"அபர்டீன்ல மூன்றரைக்கே இருட்டிடுது. எழுந்திருக்கவே மனசு வரல."

டிசம்பரில் அங்கே அப்படித்தான். பதினோரு மணி வெளிச்சத்தில் அரை மணி நேரம் வெளியே நடங்கள், மேகமாக இருந்தாலும். அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி என்பது எல்லோருக்குமான என்.எச்.எஸ். அறிவுரை. நம் நிறத்துக்கு வருடம் முழுக்கவே யோசிக்கச் சொல்கிறார்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறியதும் ஊரோடு நாலரை மணி வித்தியாசம் ஐந்தரை ஆகிவிடும். மாலை வகுப்பு முடிந்து கூப்பிட்டால் அம்மா தூங்கியிருப்பார். நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ரெண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் ஜி.பி.

"தமிழில் பேசும் கவுன்சலர் கிடைப்பாரா?"

பல்கலைக்கழகத்துக்குள் அபூர்வம். ஆனால் ஜி.பி.யிடம் "தமிழ் இன்டர்பிரெட்டர் வேண்டும்" என்று அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சொல்லலாம், காசு வாங்கக் கூடாது. நண்பனை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள். அவன் முன்னால் பாதியை விழுங்கிவிடுவீர்கள்.

"மகள் செப்டம்பரில் போகிறாள். ஒன்றரை வருடமாகப் பதற்றத்துக்கு மாத்திரை எடுக்கிறாள். கன்சல்டன்சியில் 'அதை யாரிடமும் சொல்லாதீங்க' என்கிறார்கள். மாத்திரையை இப்போதே நிறுத்திவிடலாமா?" (மதுரை, ஒரு தாய்)

தயவுசெய்து வேண்டாம் அம்மா. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது, அதுவும் ஊர் மாறுகிற மாதத்தில். அவர் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள்: நோயின் பெயர், மருந்தின் ஜெனரிக் பெயர், அளவு, எப்போதிலிருந்து. நம்மூர் பிராண்டு பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. அவர் சொல்கிற அளவு மாத்திரையை அட்டையோடு, மருந்துச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம். இங்கே ஜி.பி. பதிவு முடிந்து முதல் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கச் சில வாரம் ஆகலாம். அதையும் டாக்டரிடம் சொல்லியே அளவை எழுதி வாங்குங்கள். சேர்க்கைக் கடிதம் வந்ததும் மகளே டிசபிலிட்டி பிரிவுக்கு ஒரு மெயில் போடட்டும். சேர்க்கை முடிந்த பிறகு அதை வைத்து யாரும் சீட்டைப் பறிக்க முடியாது. கடிதத்தின் போட்டோ ஒன்று உங்கள் போனிலும் இருக்கட்டும்.