எலக்ட்ரிக் கிதார் பாடிக்கு எந்த மரம்?

செங்கோட்டைப் பக்கம் தேக்கு, பலா, மகாகனி மூன்றும் கிடைக்கின்றன, எதை எடுத்தால் சத்தம் நன்றாக வரும் என்பது கேள்வி.

சத்தத்துக்காக என்றால் மரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தந்திகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப்பில் இருப்பது காந்தமும் கம்பிச் சுருளும்; அது பிடிப்பது இரும்புத் தந்தியின் அசைவை, மரத்தின் ஓசையை அல்ல. பிக்கப்பை 1 மி.மீ. உயர்த்தினாலே வித்தியாசம் காதில் விழும். ஒலியளவைத் திருகும் பாட், ஒற்றைச் சுருள் பிக்கப்பான சிங்கிள் காயிலுக்கு 250 கே (கிலோ ஓம்), இரட்டைச் சுருளான ஹம்பக்கருக்கு 500 கே.

மரம் முக்கியமாவது எடையிலும் ஈரத்திலும். 45 மி.மீ. கனத்தில் தேக்கு தோளை இழுக்கும். மகாகனி இலகு, குழி வெட்டும் கருவியான ரௌட்டருக்கும் பணியும். ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இருக்கட்டும். சாரல் காலத்தில் அறுத்த பச்சைப் பலகை பின்னால் சுருங்கி நெக் பாக்கெட்டை, அதாவது கிதாரின் கழுத்து பொருந்தும் குழியை, கோணலாக்கும், டியூனிங் நிற்காது. தேக்குதான் வேண்டுமென்றால் ஒட்டுமுன் அசிட்டோனால் துடையுங்கள், அதன் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது.