கொரியப் போர்ப் படங்களில் இருக்கும் தேசப் பெருமை வெறும் அரசாங்கப் பிரச்சாரமா?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் போக மனசு வரவில்லை. நீங்கள் அநேகமாக ஓடிடியில் ‘ஆபரேஷன் க்ரோமைட்’ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2016இல் வந்த படம், லியாம் நீசன் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தராக வருவார். அந்த ஒரு படத்தை வைத்துக் கேட்டால் நீங்கள் சொல்வது சரிதான். வடக்கில் இருப்பவன் எல்லாம் கொடியவன், தெற்கில் இருப்பவன் எல்லாம் தியாகி. கொரிய விமர்சகர்களே அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நானும் அதற்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை.

ஆனால் அதை வைத்து மொத்தப் படங்களையும் ‘கொடி ஆட்டும் படங்கள்’ என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். கொரியாவில் மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்த போர்ப் படங்கள் பலவற்றில் சொந்த அரசாங்கம்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்.

நான் சினிமா ஆராய்ச்சியாளன் இல்லை. தென்கொரியாவின் கோஜே தீவில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் சில வருடங்கள் பைப்பிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன். அந்தத் தீவில் போரை மறந்துவிட்டு ஒரு தெருவைக் கூடத் தாண்ட முடியாது. கோஹியோனில் போர்க்கைதிகள் முகாம் இருந்த இடம் இப்போது பூங்கா. ஒரு காலத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகள் அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். இன்னொரு பக்கம் ஜாங்சுங்போ துறைமுகம். 1950 கிறிஸ்துமஸ் சமயத்தில், வடக்கே ஹுங்னாமிலிருந்து சுமார் 14,000 அகதிகளை ஏற்றிக்கொண்டு மெரிடித் விக்டரி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் வந்து சேர்ந்த இடம். பன்னிரண்டு பயணிகளுக்கு மட்டுமே இடவசதி இருந்த கப்பல் அது. மற்ற எல்லாரும் சரக்கு அறைகளிலும் மேல்தளத்திலும் நின்றுகொண்டே வந்தார்கள். வழியில் ஐந்து குழந்தைகள் பிறந்தன. டிசம்பர் குளிரில் சரக்கு அறைக்குள் இறங்கி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எப்படிப்பட்ட இடம் என்று.

2014 டிசம்பரில் ‘ஓட் டு மை ஃபாதர்’ வெளியானது. ஹுங்னாமில் தொடங்குகிற கதை. எங்கள் ஷாப் ஃபோர்மேன்தான் டிக்கெட் எடுத்து என்னையும் கூட்டிப் போனார். அங்கே யாரும் ஃபோர்மேனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ‘பான்ஜாங்நிம்’ என்போம். ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்தார். அவருடைய அம்மா ஹுங்னாமிலிருந்து கப்பலேறி வந்தவர். எந்தக் கப்பல் என்று அந்த அம்மாவுக்கே தெரியாதாம்.

தியேட்டரில் சப்டைட்டில் கிடையாது. என் கொரிய மொழி ஒர்க்‌ஷாப்பில் பிழைக்கிற அளவுக்குத்தான். ஆனாலும் முதல் பதினைந்து நிமிடத்துக்கு மொழி தேவைப்படவில்லை. சிறுவன் தங்கையை முதுகில் சுமந்துகொண்டு கப்பலின் பக்கவாட்டு வலையில் ஏறுகிறான். கீழிருந்து யாரோ தங்கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அவன் கையில் கிழிந்த சட்டைக் கை மட்டும் மிஞ்சுகிறது. எங்களுக்கு முன்வரிசையில் வயதான அம்மாக்கள் சிலர் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். பான்ஜாங்நிம் அசையவே இல்லை.

பிற்பாதியில் இன்னொரு காட்சி வரும். கணவன் வியட்நாமுக்கு வேலைக்குப் போகப் போகிறான் என்று கணவனுக்கும் மனைவிக்கும் சரியான சண்டை. அந்த நேரம் பார்த்து, சாயங்காலம் தேசியக் கொடியை இறக்கும்போது போடும் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்கிறது. சுற்றியிருப்பவர்கள் எழுந்து நெஞ்சில் கை வைத்து நிற்கிறார்கள். அழுதுகொண்டிருந்த மனைவியும் வேறு வழியில்லாமல் எழுந்து நிற்கிறாள். தியேட்டரில் இளவட்டங்கள் சிரித்தார்கள். பான்ஜாங்நிம் முகம் இறுகிப்போனதை நான் பார்த்தேன்.

படம் முடிந்து பன்றி எலும்பு சூப் கடையில் உட்கார்ந்தபோது அதைப் பற்றிக் கேட்டேன். அவர் இளைஞராக இருந்த காலத்தில், ராணுவத் தளபதிகள் நாட்டை ஆண்ட நேரம், இது தினசரி நடந்ததாம். சாயங்காலம் பாட்டு கேட்டால் நடுத்தெருவிலும் நின்றுவிட வேண்டும். ஒருநாள் வேலை முடிந்த களைப்பில் நிற்காமல் நடந்ததற்குப் போலீஸ்காரர் தனியாக இழுத்து நிறுத்திவைத்தாராம். “அந்தக் கொடிக்கு நான் பயந்தும் நின்றிருக்கிறேன், அழுதும் நின்றிருக்கிறேன். இதில் எதைப் படத்தில் காட்டினார்கள் என்று என்னைக் கேட்டால் எப்படிச் சொல்வேன்?” என்றார்.

அதே காட்சியை அப்போது அதிபராக இருந்த பார்க் குன்-ஹே தேசப்பற்றுக்கு உதாரணமாகப் பேசினார். அந்த வழக்கம் ஊன்றிய காலத்தில் நாட்டை ஆண்டவர் அவருடைய அப்பா பார்க் சுங்-ஹீ. இன்னொரு தரப்பு, இது அந்தக் காலத்தைக் குத்திக்காட்டும் காட்சி என்றது. கொரியர்களே ஒரு காட்சியை வைத்துக்கொண்டு இவ்வளவு மோதிக்கொள்ளும்போது நாம் இங்கிருந்து ஒரே வார்த்தையில் ‘பிரச்சாரம்’ என்று முடித்துவிடுகிறோம்.

‘தேகுக்கி’ (2004) எடுத்துக்கொள்ளுங்கள். அது அவர்கள் தேசியக் கொடியின் பெயர். ஒரு கோடிப் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்த படம். பெயரை வைத்துப் பார்த்தால் ‘ஜெய்ஹிந்த்’ ரகம் என்றுதான் தோன்றும். கதையில் நடப்பது என்ன? தேகு ரயில் நிலையத்தில் பள்ளி மாணவனைக் கட்டாயப்படுத்திப் படையில் சேர்க்கிறார்கள். தடுக்கப் போன அண்ணனையும், செருப்புக்குப் பாலிஷ் போட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஆள், சேர்த்து ரயிலில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த அண்ணன் உயிரைக் கொடுத்துச் சண்டை போடுவது நாட்டுக்காக இல்லை. வீரப் பதக்கம் வாங்கினால் தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று யாரோ சொன்னதற்காக. அப்புறம் அண்ணனுக்கு நிச்சயமான பெண். தானியம் கிடைக்கிறதே என்று ஒரு பட்டியலில் கையெழுத்துப் போட்டவள். அதற்காகவே அவளைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லிக் குழியோரம் நிற்க வைத்துச் சுடுகிறார்கள். சுடுவது வடகொரியர்கள் இல்லை, தெற்கின் கம்யூனிச எதிர்ப்புக் குழுவினர். இடதுசாரிகள் என்று சந்தேகப்பட்டவர்களைச் சேர்க்க அரசாங்கமே நடத்திய அமைப்பு போதோ லீக்; அதன் பட்டியலில் இருந்தவர்களை 1950இல் கொன்று குவித்தது நிஜமாக நடந்தது. பல பத்தாண்டுகள் வாயே திறக்க முடியாமல் இருந்த விஷயம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். படத்தின் கதையைப் பத்து நிமிடத்தில் சொல்லும் தமிழ் யூடியூப் சேனல்கள் இருக்கின்றனவே, அவற்றால்தான் பாதிக் குழப்பம். இந்தப் படத்துக்கு அப்படி ஒரு வீடியோ பார்த்தேன். அந்தப் பெண் சாகும் காட்சியையே தூக்கிவிட்டு “எதிரிகள் கொன்னுட்டாங்க” என்று ஒரே வரியில் கடந்துபோனார்கள். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கமெண்டில் மரியாதையாகச் சுட்டிக்காட்டினேன், நீக்கிவிட்டார்கள். லட்சக்கணக்கில் பார்வை வாங்குகிறவர்களுக்கு ஒரு படத்தை முழுசாகப் பார்த்துவிட்டுப் பேசுகிற பொறுப்பு வேண்டாமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2014 கோடையில் ‘தி அட்மிரல்’ வந்தது. 1597இல் கொரியக் கடற்படைத் தளபதி யி சுன்-சின் ஒரு சிறு கப்பற்படையை வைத்துப் பெரிய ஜப்பானியப் படையை மியோங்ன்யாங் நீரிணையில் தடுத்து நிறுத்திய கதை. சுமார் 1.76 கோடி டிக்கெட் விற்றது, அதுவும் ஐந்து கோடிப் பேர் இருக்கும் நாட்டில். இதைப் பெருமைப் படம் என்றால் மறுக்க மாட்டேன். ஆனால் எந்த நேரத்தில் வந்தது என்று பாருங்கள். அந்த ஏப்ரல் 16இல்தான் சேவோல் படகு கவிழ்ந்து 304 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். “இருந்த இடத்திலேயே இருங்கள்” என்று பிள்ளைகளுக்கு அறிவிப்பு, கேப்டன் முதல் ஆட்களில் ஒருவராகக் கரையேறிவிட்டார். கப்பல் கட்டும் ஊரில் அந்த மாதங்களில் வேறு பேச்சே இல்லை. மேல்தளம் கூட்டிக் கட்டியது, அளவுக்கு மீறிய சரக்கு, அதைச் சரியாகக் கட்டாதது, கப்பல் சாயாமல் இருக்க அடித்தொட்டியில் நிரப்பும் தண்ணீரைக் குறைத்தது என்று சாப்பாட்டு மேசையில் ஆளாளுக்குக் கணக்குப் போட்டு மனம் நொந்தார்கள். அந்தச் சமயத்தில் திரையில் ஒரு தளபதி வருகிறார். அரசனே அவரைச் சிறையில் போட்டு வதைத்திருக்கிறான். இப்படிப்பட்ட அரசனுக்காக ஏன் சண்டை போடுகிறீர்கள் என்று மகன் கேட்கிறான். விசுவாசம் மக்கள் பக்கம் இருக்க வேண்டும் என்கிற மாதிரி அவர் பதில் சொல்கிறார். அன்றைய கொரியனுக்கு அது யாரைப் பார்த்துச் சொன்ன வசனமாகக் கேட்டிருக்கும்?

உடனே “அப்போ வியட்நாம்?” என்று யாராவது வருவீர்கள். நியாயமான கேள்வி. கொரியப் படைகள் அங்கே அப்பாவிகளைக் கொன்ற கதை ‘ஓட் டு மை ஃபாதர்’ படத்தில் இல்லை, வியட்நாமியரைக் காப்பாற்றும் கொரியர்கள்தான் வருகிறார்கள். அது குறைதான். படம் எனக்குப் பிடிக்கும் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்.

இன்னொரு வருத்தமும் உண்டு. நம்மவர்கள் இந்தப் படங்களில் வருவதே இல்லை. 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவோடு 1950 நவம்பரில் கொரியாவில் இறங்கிய கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தமிழர், மகாவீர் சக்ரா வாங்கியவர். சண்டை நின்ற பிறகு, ஊர் திரும்ப மறுத்த கைதிகளைக் காவல் காத்ததும் ஜெனரல் திம்மையா தலைமையில் இருந்த ஆணையத்தின் கீழ் இந்தியப் படைதான். வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்ற 76 கொரியர்கள் 1954இல் இந்தியாவுக்குத்தான் வந்தார்கள். வட, தென் கொரிய எல்லைக் காவல் முனையில் நடக்கும் கதையான ‘ஜேஎஸ்ஏ’ படத்தில் விசாரணைக்கு வரும் சுவிஸ் ராணுவ அதிகாரியின் அப்பா அப்படி எந்தப் பக்கமும் போகாத ஒரு கைதி. அந்த ஒரு தகவலைத் தெரிந்துகொண்டதும் விசாரணையிலிருந்து அவளையே விலக்குகிறார்கள். அந்தப் படம் வந்தபோது, எல்லைக் காவல் முனையில் பணிபுரிந்த முன்னாள் வீரர்கள் தயாரிப்பு அலுவலகத்துக்கே போய்ச் சண்டை பிடித்தார்கள். இது பிரச்சாரப் படமாக இருந்தால் அவர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

உங்களுக்கு நேரம் இருந்தால் ‘தேகுக்கி’, ‘ஜேஎஸ்ஏ’, அப்புறம் ‘தி ஃபிரண்ட் லைன்’ (2011) பாருங்கள். டப்பிங் வேண்டாம், சப்டைட்டிலோடு. அந்தக் கடைசிப் படத்தில், 1953 ஜூலை 27 காலையில் போர்நிறுத்தம் கையெழுத்தாகிறது, ஆனால் அமலுக்கு வருவது இரவு பத்து மணிக்கு. வீட்டுக்குப் போகலாம் என்று கட்டிப்பிடித்து அழுதவர்களை, மிச்சமிருக்கும் நேரத்தில் குன்றைப் பிடியுங்கள் என்று மறுபடி மேலே அனுப்புகிறார்கள். அதைப் பார்த்த பிறகும் அரசாங்கப் பிரச்சாரம் என்று தோன்றினால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.