2.7 மீட்டர் காற்றடைத்த படகுக்கு 2.5 குதிரைத்திறனா, 6-ஆ?

நங்கூரமிட்ட பாய்மரப் படகிலிருந்து இரண்டு பேர் காற்றடைத்த சிறு படகில் கரைக்குப் போய்வர எந்த எஞ்சின் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தச் சிறு படகில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அதிலுள்ள உச்சத் திறனைத் தாண்டக் கூடாது.

உங்களைப் படுத்தப்போவது வேகமல்ல, எடை. 2.5 நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஏறத்தாழ 17, 18 கிலோ. 6 என்றால் பெரும்பாலும் 25-ஐத் தொட்டுவிடும். ஆடுகிற சிறு படகில் நின்றுகொண்டு அதை மேலே பாய்மரப் படகில் இருப்பவர் கைக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும், தினமும். அவ்வளவு சிரமப்பட்டும், இருவரும் சாமானும் ஏறிய பின் படகு நீர்மேல் எழும்பிச் சீறுமா என்பது சந்தேகம்தான். தூரம் குறைவு, நீரோட்டமும் பலமில்லை என்றால் 2.5 போதும்.

எஞ்சினை மாட்டும் பின்பலகையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 15 அங்குலம் என்றால் குட்டைத் தண்டு (எஞ்சினிலிருந்து நீருக்குள் விசிறிவரை இறங்கும் பகுதி) உள்ளதை வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று 20 அங்குலத் தண்டை வாங்கினால், கரையருகே விசிறி தரையில் இடிக்கும்.

2.5 அளவு எஞ்சின்கள் பலவற்றில் ரிவர்ஸ் கியர் கிடையாது. எஞ்சினையே திருப்பிப் பின்னால் வருவீர்கள். பழகிவிடும். ஆனால் படுக்கவைக்கும்போது கையேடு சொல்லும் பக்கமாக மட்டுமே வையுங்கள். இல்லாவிட்டால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும், அப்புறம் ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தே தோள் கழன்றுவிடும்.