மரத்தவளை நோயுற்றால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டில் மரத்தவளை வளர்ப்பவர்கள் அனுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை "என்ன மருந்து கொடுக்கலாம்?" என்றே முடிகின்றன. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோல் வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அதன் சுவாசத்தில் ஒரு பகுதியும், உடலிலுள்ள உப்புகளின் சமநிலையும் அந்தத் தோலைத்தான் நம்பியிருக்கின்றன. கீழே உள்ள பதில்களில் பல, மருந்தை விட்டுவிட்டுத் தண்ணீரையும் வெப்பத்தையும் முதலில் விசாரிப்பதற்கு இதுவே காரணம்.

கேள்வி: என் மரத்தவளை நான்கு நாட்களாக எதுவும் சாப்பிடவில்லை. இது நோயின் அறிகுறியா?

நன்கு வளர்ந்த, உடல் தேறிய தவளை சில நாட்கள் உண்ணாமல் இருப்பது மட்டுமே நோய்க்கு அடையாளம் ஆகாது. புதிதாக வாங்கி வந்த தவளையும், தொட்டி மாற்றப்பட்ட தவளையும் ஓரிரு வாரம் உணவை ஒதுக்குவதுண்டு. முதலில் தொட்டியின் வெப்பநிலையை அளவுமானியால் பாருங்கள். கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வது அளவாகாது. தவளை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உயிரினம் அல்ல என்பதால், தொட்டி குளிர்ந்தால் செரிமானமும் நோய் எதிர்ப்பும் சேர்ந்தே மந்தமாகிவிடும். செல்லப்பிராணியாகப் பரவலாக வளர்க்கப்படும் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைக்குப் பகலில் 24 முதல் 29 டிகிரி செல்சியசும், இரவில் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் இருப்பது ஏற்றது. வேறு இனமாக இருந்தால் அதற்குரிய அளவை அறிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது எடை. கிராம் கணக்கில் காட்டும் சிறிய மின்னணுத் தராசு ஒன்றை வாங்கி, எடை குறைந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் தவளையை வைத்து வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வாருங்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்திருந்தாலோ, தொடைகள் வற்றி இடுப்பெலும்பு துருத்தித் தெரிந்தாலோ, இரவில் நடமாடும் இந்த உயிரினம் பகல் வேளையில் கண்களைத் திறந்தபடி தரையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தாலோ மேலும் காத்திருக்க வேண்டாம். குட்டித் தவளையென்றால் இந்தப் பொறுமையும் கூடாது. அதன் உடலில் சேமிப்பு மிகக் குறைவு. வாயைப் பலவந்தமாகத் திறந்து ஊட்டும் வேலையை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள், தாடை எளிதில் முறிந்துவிடும்.

கேள்வி: குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துகிறேன். அது போதுமா?

தண்ணீரில் சேர்க்கப்பட்டிருப்பது குளோரின் மட்டுமென்றால் பெரும்பாலும் போதும். ஆனால் பல இடங்களில் குடிநீர் வழங்குவோர் குளோராமினைச் சேர்க்கிறார்கள். அது திறந்து வைத்தால் போகாது. மீன் தொட்டிகளுக்காக விற்கப்படும் குளோரின் நீக்கிகளில், குளோராமினையும் நீக்கும் என்று குறிப்பிட்டிருப்பதை வாங்கிப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. தூய்மைதான் முக்கியம் என்று கருதிக் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே வைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த நீரில் உப்புகளே இல்லாததால், தவளையின் உடல் தன் உப்புகளைக் காத்துக்கொள்ளக் கூடுதலாகப் பாடுபட வேண்டியிருக்கும். நலிந்த தவளைக்கு அது நல்லதல்ல. தண்ணீர்க் கிண்ணத்தை நாள்தோறும் மாற்றுங்கள். தவளைகள் அந்தக் கிண்ணத்திலேயே கழிவை விடும் வழக்கமுள்ளவை. அதிலிருந்து உண்டாகும் அம்மோனியாவையும் அதே தோல்தான் உள்ளிழுக்கிறது.

கேள்வி: தோல் அடிக்கடி உரிகிறது, துண்டு துண்டாக உடலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தவளையும் சோர்வாக இருக்கிறது. இது பூஞ்சை நோயா?

தோல் உரிவது தவளைக்கு இயல்பான செயல். அது முதுகை வளைத்து, கொட்டாவி விடுவதைப்போல வாயைத் திறந்து திறந்து மூடும். பின்னங்கால்களால் உடலைத் தேய்த்து, மெல்லிய கண்ணாடித்தாள் போன்ற பழைய தோலை வாயோரமாக இழுத்துத் தின்றுவிடும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுவதால் பலர் இதைப் பார்த்ததே இல்லை. உரிந்த தோல் துணுக்குகள் உடலிலும் தண்ணீரிலும் தங்கியிருப்பதையும், நாள்தோறும் தோல் உரிவதையும்தான் கவனிக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் குறைந்திருப்பது இதற்கு எளிய காரணமாக இருக்கலாம். ஆனால் சோர்வும் சேர்ந்திருப்பதால் கைட்ரிட் பூஞ்சையைச் சந்தேகித்தே ஆக வேண்டும்.

இந்தப் பூஞ்சைக்கு 1999-இல் பட்ராகோகைட்ரியம் டென்ட்ரோபாடிடிஸ் என்று பெயரிட்டார்கள். உலகின் பல பகுதிகளில் தவளை இனங்களின் அழிவுக்கு இதுவே பெருங்காரணமாக இருந்திருக்கிறது. இது தோலின் வெளிப்புறச் செல்களுக்குள் புகுந்து பெருகி, தோல் உப்புகளைக் கடத்தும் வேலையைக் கெடுக்கிறது. இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து இறுதியில் இதயம் நின்றுவிடுகிறது. கால்களை உடலோடு ஒடுக்காமல் பரப்பியபடி உட்கார்ந்திருப்பதும், மல்லாக்காகத் திருப்பினால் உடனே புரண்டெழ முடியாமல் தவிப்பதும் நோய் முற்றியதன் அடையாளங்கள்.

வெளித்தோற்றத்தை வைத்து மட்டும் இதை உறுதிசெய்ய முடியாது. மருத்துவர் அடிவயிற்றிலும் விரல்களுக்கு நடுவிலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து, பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புவார். உறுதியானால், இட்ராகோனசோல் கலந்த கரைசலில் நாளுக்கு ஐந்து நிமிடம் வீதம் பத்துப் பதினொரு நாட்கள் குளிப்பாட்டுவது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் முறை. செறிவு சற்றுக் கூடினாலும் மருந்தே நஞ்சாகும், குட்டிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்; ஆகவே மனிதருக்கான மாத்திரையை வீட்டில் கரைத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள். இப்பூஞ்சை சுமார் 17 முதல் 25 டிகிரி வரையிலான வெப்பத்தில்தான் செழிக்கிறது என்பதால், வெப்பத்தைத் தாங்கும் இனங்களுக்கு மருத்துவர் தொட்டியின் வெப்பநிலையைக் கூட்டச் சொல்வதும் உண்டு. ஒரே தொட்டியில் இருந்த மற்றத் தவளைகள் நலமாகத் தெரிந்தாலும் அவற்றுக்கும் சோதனையும் சிகிச்சையும் தேவை.

கேள்வி: தொடையின் உட்புறமும் வயிறும் சிவந்திருக்கின்றன. என்ன செய்யலாம்?

அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். செங்கால் நோய் என்று வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் இந்த நிலை, பாக்டீரியா இரத்தத்தில் பரவிவிட்டதைப் பெரும்பாலும் குறிக்கிறது. அசுத்தமான நீரில் பெருகும் ஏரோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்கள் இதற்குப் பேர்போனவை, வேறு கிருமிகளாலும் வரலாம். கைட்ரிட் நோயும், தவளைகளைத் தாக்கும் ரானாவைரஸ் என்ற வைரசும் இதே சிவப்பைக் காட்டக்கூடும் என்பதால், எந்த நுண்ணுயிர்க்கொல்லி என்பதை ஊகித்துத் தீர்மானிக்க முடியாது. தொட்டியைக் கழுவிவிட்டு ஒரு வாரம் பார்க்கலாம் என்று நினைக்கும் அளவுக்கு இந்நோய் அவகாசம் தருவதில்லை.

கேள்வி: தவளையின் கால்விரல்கள் துடிக்கின்றன, கீழ்த்தாடை சற்றுத் தொங்கியிருக்கிறது. தினமும் சுவர்க்கோழிப் பூச்சிகளைத்தான் கொடுக்கிறேன்.

நீங்கள் எழுதியிருக்கும் கடைசி வாக்கியத்திலேயே காரணம் இருக்கிறது. சுவர்க்கோழிப் பூச்சியில் பாஸ்பரஸ், கால்சியத்தைவிடப் பல மடங்கு அதிகம். கால்சியம் குறைந்தபட்சம் பாஸ்பரசுக்குச் சமமாகவேனும் இருக்க வேண்டும். அப்படி இல்லாதபோது உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கிறது. எலும்பு மென்மையாகி, தாடை தொங்கி, முதுகு கோணலாகிறது. இரத்தத்திலும் குறையும்போது தசைகள் துடிக்கின்றன. குடல் அசைவு மந்தமாகி வயிறு உப்புவதும் உண்டு. துடிப்பு தொடங்கிவிட்ட நிலையில் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. கால்சியமும் வைட்டமின் டி3-ம் எவ்வளவு, எந்த வழியில் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அதுவரை உயரமான கிளைகளை எடுத்துவிடுங்கள். ஒரு சிறிய வீழ்ச்சியிலேயே கால் முறிந்துவிடும்.

குணமான பிறகு மாற்ற வேண்டியவை மூன்று. பூச்சிகளைக் கொடுப்பதற்கு முந்தைய ஒன்றிரண்டு நாட்கள் அவற்றுக்குக் கீரையும் கால்சியம் மிகுந்த தீவனமும் கொடுங்கள். கொடுக்கும் நேரத்தில், ஒரு பையிலிட்டுக் கால்சியம் பொடியோடு குலுக்கி உடனே தொட்டியில் விடுங்கள். சுவர்க்கோழி சில மணி நேரத்தில் தன் உடலைத் தானே துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும் என்பதால், இரவெல்லாம் தொட்டியில் திரிந்த பூச்சியின் மேல் பொடி எதுவும் மிஞ்சியிருக்காது. பொடி போட்டும் நோய் வந்ததே என்று வியப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். மூன்றாவது, யு.வி.பி. எனப்படும் புறஊதாக் கதிரை மிதமாகத் தரும் விளக்கு. கண்ணாடி மூடி அக்கதிரைத் தடுத்துவிடும். அதனால் விளக்கைக் கம்பிவலையின் மேல் வையுங்கள், கீழே தவளை ஒதுங்க இலைநிழலும் இருக்கட்டும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் விளக்கை மாற்ற வேண்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளி குறையாமலேயே யு.வி.பி. குறைந்துவிடுகிறது.

கேள்வி: இரையைக் குறிவைத்துத் தாவுகிறது, ஆனால் பிடிக்க முடியவில்லை. பார்வை போய்விட்டதா?

பார்வை போயிருந்தால் தவளை இரையை நோக்கித் திரும்பியே இருக்காது. நாக்கு நீண்டு பூச்சியைத் தொட்டும் ஒட்டாமல் திரும்புகிறதா என்று அருகிலிருந்து கவனியுங்கள். அப்படியென்றால் வைட்டமின் ஏ குறைபாட்டை எண்ண வேண்டும். இக்குறைபாட்டில் நாக்கிலுள்ள சளிச் சுரப்பிகளின் மென்மையான படலம் தடித்த தோல் போல மாறி, ஒட்டும் தன்மை போய்விடுகிறது. கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ-வாக மாற்றும் திறன் பல தவளைகளுக்குப் போதுமானதாக இல்லை. ஆகவே ரெட்டினால் வடிவில் வைட்டமின் ஏ உள்ள சத்துப்பொடியைத் தேர்ந்தெடுங்கள். கூடினால் இதுவும் தீங்கு என்பதால், நோய் வந்த பிறகு தர வேண்டிய அளவை மருத்துவரிடம் கேளுங்கள். இதற்கிடையில், மழுங்கிய முனையுள்ள இடுக்கியால் இரையை வாயருகே பிடித்துக் கொடுக்கலாம்.

கேள்வி: மூக்கு நுனியில் சிராய்ப்பு. வீட்டிலுள்ள காயக் களிம்பைத் தடவலாமா?

வலி நீக்கும் பொருள் கலந்த களிம்பை ஒருபோதும் தடவாதீர்கள். பென்சோகெய்ன் போல "கெய்ன்" என்று முடியும் மரப்பு மருந்துகள் தவளையின் தோல் வழியே உடனே உள்ளே சென்று உயிரைப் பறித்துவிடும். தவளைகளை வலியின்றி இறக்கச் செய்வதற்கே மருத்துவர்கள் பென்சோகெய்னைப் பயன்படுத்துவதுண்டு. மூக்குச் சிராய்ப்பு பெரும்பாலும் கண்ணாடியில் மோதுவதால் வருகிறது. பக்கங்களை இலைகளாலோ தாளாலோ மறைத்துவிட்டால் மோதல் குறையும். காயத்தில் பஞ்சு போன்ற வெண்மை படர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வயிறு உப்பியிருப்பது கொழுப்பா, நீர்க்கோவையா?

ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைக்குக் கொழுப்பு சேர்ந்தால் கண்ணுக்கு மேலுள்ள தோல் மடிப்பு தடித்துக் கண்ணை மறைக்கத் தொடங்கும். வாரக்கணக்கில் மெல்லவே கூடும். நீர்க்கோவை சில நாட்களில் உடலைப் பந்தாக்கிவிடும். தோலடியில் நீர் தளும்புவது தெரியும். சிறுநீரகம், இதயம், கல்லீரல் எதில் கோளாறு என்றாலும் இப்படி வரலாம். ஊசியால் குத்தி நீரை வெளியேற்றும் முயற்சி வீட்டில் வேண்டாம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: தொட்டியின் அழகுக்காகப் பரப்பிய சிறு கற்களைத் தவளை இரையோடு சேர்த்து விழுங்கியிருக்கலாம். தவளையின் வாய்க்குள் போகும் அளவுள்ள கற்களைத் தொட்டியில் பரப்புவதை நான் எப்போதும் எதிர்ப்பவன். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: நோயுற்ற தவளையை எப்படித் தனியே வைப்பது? மருத்துவரிடம் எப்படிக் கொண்டுசெல்வது?

மண்ணும் செடியும் இல்லாத, மூடியில் காற்றுத் துளைகள் உள்ள எளிய பிளாஸ்டிக் பெட்டியே நோயறையாகப் போதும். அடியில் வெளுக்கப்படாத, மணமூட்டப்படாத டிஷ்யூ தாளைக் குளோரின் நீக்கிய நீரில் நனைத்து விரித்து, நாள்தோறும் மாற்றுங்கள். தவளை மூழ்காத ஆழத்தில் ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பு, அமைதியான அரையிருள், சரியான வெப்பம் ஆகியவை இருந்தால் போதும். தொட வேண்டியிருந்தால் பொடி தூவாத நைட்ரைல் கையுறையை அதே நீரில் நனைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சோப்பு, முகப்பூச்சு, கொசு விரட்டி எதன் எச்சமும் கையில் இருக்கக் கூடாது. தவளையைக் கையாண்டபின் சோப்பிட்டுக் கழுவுவது உங்கள் நலனுக்கு: தவளைகள் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அது கடுமையாகத் தாக்கும்.

பயணத்துக்கும் அதே பெட்டிதான். கிண்ணத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் நீர்நில வாழ்வனவற்றுக்குச் சிகிச்சை அளிப்பதில்லை என்பதால் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எடைக் குறிப்பு, வெப்பநிலைக் குறிப்பு, தொட்டியின் புகைப்படம், நீங்கள் தரும் பொடிகளின் அட்டை, தொட்டித் தண்ணீர் சிறிதளவு, புதிதாக விழுந்த எச்சம் ஆகியவற்றை உடன் கொண்டுசெல்லுங்கள். எச்சத்தை வைத்து ஒட்டுண்ணிகளைக் கண்டறியலாம்.

கேள்வி: தவளை இறந்துவிட்டது. அதே தொட்டியில் வேறொன்றை விடலாமா?

இறப்பின் காரணம் தெரியும்வரை விட வேண்டாம். காரணம் அறிய விரும்பினால் உடலைப் பையிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் சாதாரண அடுக்கில் வைத்து, ஒரு நாளுக்குள் உடற்கூறு ஆய்வுக்குக் கொடுங்கள். உறையவைத்தால் திசுக்கள் சிதைந்துவிடும். தொட்டித் தண்ணீரை நேரடியாகத் தோட்டத்திலோ நீர்நிலையிலோ ஊற்றாமல், பிளீச்சிங் கரைசல் கலந்து சிறிது நேரம் விட்டபின் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். கைட்ரிட்டும் ரானாவைரசும் காட்டுத் தவளைகளைச் சென்றடைய அந்த ஒரு வாளித் தண்ணீர் போதும். மண், செடி, மரத்துண்டு ஆகியவற்றை அப்புறப்படுத்தி, கண்ணாடியைப் பிளீச்சிங் கரைசலால் கழுவி, மணம் முற்றிலும் போகும்வரை அலசி, நன்றாக உலர விடுங்கள். கைட்ரிட் பூஞ்சை உலர்ச்சியைத் தாங்காது. புதிய தவளையை வாங்கினால், வீட்டில் வேறு தவளைகள் இருக்கும் பட்சத்தில், இரண்டு முதல் மூன்று மாதம் தனியே வைத்து எச்சச் சோதனையும் கைட்ரிட் சோதனையும் முடிந்த பிறகே சேர்க்க வேண்டும்.