கிராம சபைப் பயிற்சிக்கு ஐ.நா. பணம் கிடைக்குமா?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் சிறிய ட்ரஸ்ட் நடத்துகிறோம். நான்கு வருடம் ஆகிறது. கிராம சபையில் பெண்களைப் பேச வைப்பது, தகவல் உரிமை மனு எழுதக் கற்றுக்கொடுப்பது எங்கள் வேலை. வருடத்துக்கு 3 லட்சம் ரூபாய் செலவாகிறது, எல்லாம் தெரிந்தவர்கள் தரும் நன்கொடை. ஐ.நா. ஜனநாயக நிதியத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார் நண்பர். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமலே முடியும் என்கிறார். சரியா? வேறு வழி உண்டா?

பதில்: விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்த வருடம் வேண்டாம் என்பேன்.

அந்த நிதியம் 2005-ல், கோஃபி அன்னான் பொதுச்செயலாளராக இருந்தபோது தொடங்கியது. ஆரம்பத்திலிருந்தே அதில் பெரிய அளவில் பணம் போட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பணம் பெரும்பாலும் உங்களைப் போன்ற குடிமக்கள் அமைப்புகளுக்குத்தான் போகிறது. அறிவிப்பு வரும்போது ஆன்லைனில், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமான தொகை 1 லட்சம் முதல் 3 லட்சம் டாலர், இரண்டு வருடத் திட்டத்துக்கு. குறைந்தபட்சத் தொகையே நம் காசில் 80 லட்சத்தைத் தாண்டும். வருடம் 3 லட்சம் செலவழிக்கிற ட்ரஸ்ட் திடீரென்று வருடம் 40 லட்சத்தை எப்படிச் செலவழிக்கும் என்று தேர்வுக் குழுவில் யாராவது கேட்பார்கள். நான் இருந்தாலும் கேட்பேன். ஆயிரக்கணக்கில் வரும் விண்ணப்பங்களில் அவர்கள் எடுப்பதோ சில பத்து.

எஃப்.சி.ஆர்.ஏ. விஷயத்தில் உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. 2010-ம் வருடச் சட்டத்தின் கணக்கில் ஐ.நா., அதன் சிறப்பு முகமைகள், உலக வங்கி, ஐ.எம்.எஃப். ஆகியவை 'வெளிநாட்டு மூலம்' அல்ல. நேராக அங்கிருந்து வரும் பணத்துக்குப் பதிவு கேட்கமாட்டார்கள். அதே பணம் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் கைக்குப் போய், அவர்கள் உங்களுக்கு அனுப்பினால் கதையே வேறு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது யார், பணம் அனுப்பும் கணக்கு யாருடையது, இந்த இரண்டையும் ஆடிட்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் சந்தோஷப்படுங்கள்.

மற்ற வெளிநாட்டு அறக்கட்டளைகள் என்றால் பதிவு கட்டாயம். அதற்கு அமைப்புக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் மொத்தம் 15 லட்சம் ரூபாய் முக்கியப் பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும். உங்கள் கணக்கு 9 லட்சத்தில் நிற்கிறது. இன்னொரு வாசல் 'முன் அனுமதி'. நன்கொடையாளர் எவ்வளவு, எதற்கு என்று எழுதித் தரும் உறுதிக் கடிதத்தோடு எஃப்.சி. 3பி படிவத்தில் கேட்க வேண்டும். அந்த அனுமதி அந்த நன்கொடையாளருக்கும் அந்த வேலைக்கும் மட்டும்தான். பணம் முதலில் போய் இறங்க வேண்டிய இடம் ஸ்டேட் பாங்கின் புது தில்லி முதன்மைக் கிளை. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இதில் சிறிய அமைப்புகளை அதிகம் அடித்தது 2020 திருத்தம். அதற்கு முன்னால் பதிவுள்ள பெரிய அமைப்பு பணம் வாங்கி, கிராமத்தில் வேலை செய்கிற உங்களுக்கு அரசின் அனுமதியோடு கொஞ்சம் பிரித்துத் தரலாம். இப்போது அப்படித் தரவே கூடாது. யாராவது 'எங்கள் பதிவில் வாங்கித் தருகிறோம்' என்று சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நன்கொடையாளர் பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் இருக்கும் மாமா இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், அவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அதே மாமா சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டால் ஆகிவிடும், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தாலும். அவர் ஊருக்கு வந்து ரூபாயாகக் கொடுத்தாலும் அப்படித்தான். உறவுக்காரர் பணம்தானே என்று ரசீது போட்டு, பிறகு விளக்கம் எழுதிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணம்? 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல் எல்லாம் இருக்கின்றன. ஜனநாயகம் என்றோ மனித உரிமை என்றோ ஒரு வரி கிடையாது. பெண்கள் அதிகாரம், கிராம வளர்ச்சி என்ற தலைப்புகளில் உங்கள் வேலையின் ஒரு பகுதி பொருந்தும். அதற்கும் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், சி.எஸ்.ஆர். பணம் வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு, மூன்று வருட அனுபவம் எல்லாம் கேட்பார்கள். முதல் இரண்டு இல்லையென்றால் இந்த வருடமே முடித்துவிடுங்கள். உள்ளூர் நன்கொடைக்கும் அது உதவும்.

சரி, ப்ரொபோசல், அதாவது திட்ட விண்ணப்பம். என்னிடம் திருத்தக் கொடுப்பவற்றில் பாதிக்கு மேல் '500 பெண்கள் அதிகாரம் பெறுவார்கள்' என்றுதான் இருக்கும். எதை வைத்து எண்ணுவீர்கள் என்று கேட்டால் வருகைப் பதிவேட்டை நீட்டுவார்கள். கிராம சபைக் கையெழுத்தை மறுநாள் வீடு வீடாகப் போய் வாங்கும் ஊர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கையெழுத்தை விட்டுவிட்டுத் தீர்மானப் புத்தகத்தைப் பாருங்கள். ஒரு பெண் எழுந்து கேட்ட குடிநீர்க் குழாய் தீர்மானமாக ஏறியதா? அடுத்த கூட்டத்தில் அதற்குப் பதில் வந்ததா? பத்து ஊராட்சிகளில் இதை ஒரு வருடம் குறித்துவைத்தால் அதைவிட நல்ல அடிப்படைத் தரவு வேறு கிடையாது.

காலண்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, அவர்கள் இடத்துக்கு அரசின் தனி அலுவலர்கள் வந்தார்கள். அதற்குப் பிறகும் 'பதவியில் உள்ள பெண் தலைவர்களுக்குப் பயிற்சி' என்று ஒரு ப்ரொபோசல் வந்தது. பழைய கோப்பை அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து எது வருகிறதோ அதிலிருந்து தீர்மானங்களைக் குறிக்கத் தொடங்குங்கள். தீர்மான நகலைத் தரமாட்டேன் என்றால், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு போடுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.