நிறைய சார்ட்களை வொர்க்ஸ்பேஸ்களாகப் பிரித்து வைப்பது எப்படி?

ஒரே நேரத்தில் பதினைந்து இருபது சார்ட் திறந்து கிடக்கின்றன, தேடுவதிலேயே நேரம் போகிறது, பங்குக்கு ஒரு வொர்க்ஸ்பேஸ் (ஒன்றாகச் சேமித்துத் திறக்கும் சார்ட்களின் தொகுப்பு) வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பங்குகள் கூடக் கூட வொர்க்ஸ்பேஸும் கூடிக்கொண்டே போகும். செய்கிற வேலையை வைத்துப் பிரியுங்கள்.

எனக்கு மூன்றே போதுமாக இருக்கிறது. மொத்தச் சந்தையின் போக்கைப் பார்க்க ஒன்று, அதில் இண்டெக்ஸ்களின் வார, நாள் சார்ட்கள் மட்டும். கையிலிருக்கும் பொசிஷன்களை, அதாவது இன்னும் முடிக்காத வர்த்தகங்களைக் கவனிக்க இன்னொன்று. மூன்றாவது, பங்குகளை அலசுவதற்கு. பாதி நேரம் இதில்தான் இருப்பீர்கள், அதனால் இதைப் பார்த்துப் பார்த்து அமைக்க வேண்டும். ஒரே பங்கின் நாள், 1 மணி நேரம், 15 நிமிட சார்ட்களை இடமிருந்து வலமாக வைத்து, மூன்றையும் சிம்பலால், அதாவது பங்கின் குறியீட்டுப் பெயரால் இணைத்துவிடுங்கள். ஒன்றில் பங்கை மாற்றினால் மற்ற இரண்டும் கூடவே மாறும். எத்தனை பங்கு இருந்தாலும் இந்த ஒரே அமைப்பில் வரிசையாகப் பார்த்துவிடலாம்.

சார்ட் தளமான ட்ரேடிங்வியூவில் லேஅவுட் மெனுவிலேயே இப்படி இணைக்கும் சிங்க் வசதி இருக்கிறது. சிம்பலையும் கிராஸ்ஹேரையும் (கர்சரோடு நகரும் குறுக்குக்கோடு) ஆன் செய்யுங்கள், இன்டர்வெலைத் தொடாதீர்கள். அதையும் ஆன் செய்தால் மூன்று சார்ட்டும் ஒரே கால அளவுக்கு வந்துவிடும், அப்புறம் மூன்று எதற்கு? ஆமிபுரோக்கர், நிஞ்சாட்ரேடர் மென்பொருள்கள் இரண்டிலும் சிம்பல் இணைப்பு தனி, இன்டர்வெல் இணைப்பு தனி.

மெட்டாட்ரேடர் மென்பொருளில் வொர்க்ஸ்பேஸின் வேலையைச் செய்வது ப்ரொஃபைல். டெம்ப்ளேட்டோடு பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு சார்ட்டின் இண்டிகேட்டர்களும் (விலையிலிருந்து கணக்கிட்டு வரையும் கோடுகள் போன்றவை) நிறங்களும் டெம்ப்ளேட்டில் சேரும், திறந்திருக்கும் சார்ட்கள் மொத்தமும் ப்ரொஃபைலில் சேரும். முதலில் டெம்ப்ளேட்டை முடித்து டிஃபால்ட் என்ற பெயரில் சேமித்துவிட்டால், புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு சார்ட்டும் அதே தோற்றத்தில் வரும்.

இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். மெட்டாட்ரேடரில் நீங்கள் செய்யும் மாற்றங்கள் அப்போதிருக்கும் ப்ரொஃபைலிலேயே தானாகச் சேமிக்கப்படும். ஒரு சார்ட்டை மூடினால் ப்ரொஃபைலிலிருந்தும் அது போய்விடும். எதையாவது சோதித்துப் பார்க்கும் முன் வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். அடுத்தது, எக்ஸ்பர்ட் அட்வைசர் (தானாகவே வர்த்தகம் செய்யும் நிரல்) ஓடும் சார்ட். ப்ரொஃபைல் மாற்றினால் அந்தச் சார்ட் மூடப்படும், அதிலிருந்த அட்வைசரும் நின்றுவிடும். பொசிஷன் திறந்திருக்கும்போது இது பெரிய ஆபத்து. அட்வைசர் பயன்படுத்துவதாக இருந்தால் அதற்கென்று இன்னொரு டெர்மினலை, அதாவது மெட்டாட்ரேடரையே இன்னொரு முறை, வேறு ஃபோல்டரில் நிறுவி, அங்கே ப்ரொஃபைலை மாற்றாமல் விட்டுவிடுங்கள்.