எட்டு மாதத்தில் ஐந்து கார்டு: ஆறாவது ஏன் கிடைக்கவில்லை?

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு 29 வயது. சிங்கப்பூர் செங்காங்கில் அப்பா அம்மாவுடன் இருக்கிறேன். சம்பளம் மாதம் 5,200 வெள்ளி. கடந்த எட்டு மாதத்தில் ஐந்து வங்கிகளில் கிரெடிட் கார்டு எடுத்தேன். ஒன்றுக்குப் பயணப்பெட்டி, இன்னொன்றுக்கு இயர்போன், மற்றவற்றுக்கு ரொக்கம் என்று அன்பளிப்பு வந்தது. பில்லை முழுசாகக் கட்டிவிடுவேன். போன வாரம் ஆறாவது கார்டுக்கு விண்ணப்பித்தேன். இரண்டே நாளில் ‘அங்கீகரிக்க இயலவில்லை’ என்று செய்தி வந்துவிட்டது, காரணம் இல்லை. இரண்டு வருஷத்தில் ஐந்து கார்டு எடுத்தவருக்கு ஆறாவது தரமாட்டார்கள் என்கிறான் நண்பன். இருப்பதையெல்லாம் ரத்து செய்துவிடவா? வேறு வங்கியில் போட்டுப் பார்க்கவா? அடுத்த வருஷம் கல்யாணம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடு வாங்க வங்கிக் கடன் எடுக்க வேண்டும். பி.கு.: ஒரு கார்டில் 38 வெள்ளி பில்லை மறந்து ஐந்து வாரம் தாமதமாகக் கட்டினேன். 100 வெள்ளி தாமதக் கட்டணம் போட்டார்கள்.

பதில்: தம்பி, வேறு வங்கியில் போட்டுப் பார்க்க வேண்டாம். மற்றதை எல்லாம் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் இன்றைக்கே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு வங்கி மறுத்த சூட்டோடு அடுத்த வங்கியின் கதவைத் தட்டுவதுதான் இந்த நிலையில் பலரும் செய்கிற தவறு.

உங்கள் நண்பர் சொல்வது அமெரிக்கக் கதை. அங்கே எந்த வங்கியிலானாலும் 24 மாதத்தில் ஐந்து கார்டு எடுத்தவருக்கு, சேஸ் வங்கியில் புதுக் கார்டு கிடைப்பது கடினம் என்பது கார்டு பிரியர்களிடையே பிரபலம். அதை அப்படியே சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து பொருத்தாதீர்கள். இங்கே வங்கி பார்ப்பது உங்கள் கடன் அறிக்கையை. வங்கிகளிடமிருந்து கடன் விவரங்களைத் திரட்டி இதைத் தயாரிக்கும் கிரெடிட் பியூரோ சிங்கப்பூர் உங்களுக்கு 1,000 முதல் 2,000 வரை ஒரு மதிப்பெண் போட்டு, ஏஏ (மிக நல்லது) முதல் எச்எச் (மிக மோசம்) வரை ஒரு தரமும் தருகிறது. கார்டு தருவதா இல்லையா என்று பியூரோ தீர்மானிப்பதில்லை. அந்த அறிக்கையோடு உங்கள் வருமானத்தையும் தன் சொந்த அளவுகோல்களையும் வைத்து வங்கிதான் முடிவெடுக்கிறது.

நீங்கள் விண்ணப்பம் போடும் ஒவ்வொரு முறையும் அந்த வங்கி உங்களைப் பற்றி பியூரோவிடம் விசாரிக்கிறது. அந்த விசாரணை தேதியோடு பதிவாகி இரண்டு ஆண்டு அறிக்கையில் நிற்கும். புதிதாகத் திறந்த கணக்குகளும் தேதியோடு இருக்கும். பத்து ஆண்டில் ஆறு கார்டு எடுத்தவரின் அறிக்கையைப் பார்க்கும் அதிகாரிக்கு ஒன்றும் தோன்றாது. எட்டே மாதத்தில் ஆறு விசாரணை, ஐந்து புதுக் கணக்கு என்றால், ‘இவருக்குத் திடீரென்று என்ன பண நெருக்கடி?’ என்றுதான் தோன்றும். நீங்கள் பயணப்பெட்டிக்காக எடுத்தீர்கள் என்பது அறிக்கையில் எழுதியிருக்காது. எண்ணிக்கையைவிட இந்த நெருக்கம்தான் மதிப்பெண்ணை இழுக்கிறது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஆண்டு வருமானம் 30,000 முதல் 1,20,000 வெள்ளிக்குள் இருப்பவருக்கு ஒரு வங்கி மாதச் சம்பளத்தைப் போல் நான்கு மடங்கு வரை கடன் வரம்பு தரலாம். உங்களுக்கு அது 20,800 வெள்ளி. ஐந்து வங்கியும் முழு வரம்பைத் தந்திருந்தால் 1,04,000 வெள்ளி! இருபது மாதச் சம்பளம். நீங்கள் ஒரு காசு பாக்கி வைக்காவிட்டாலும், நினைத்தால் நாளையே இவ்வளவு கடன் வாங்கக்கூடியவர் என்பது ஆறாவது வங்கியின் கண்ணில் படும். சிங்கப்பூர் நாணய ஆணைய விதிப்படி, புதுக் கார்டு தருமுன் வங்கி உங்கள் மொத்தக் கடனையும் வரம்புகளையும் பார்த்தே ஆகவேண்டும். வட்டி ஓடும் பிணையில்லாக் கடன் பாக்கி 12 மாதச் சம்பளத்தைத் தாண்டி மூன்று மாதம் தொடர்ந்தால் எந்த வங்கியும் அந்த வகையில் புதுக் கடன் தர முடியாது என்ற விதியும் உண்டு. முழுசாகக் கட்டுகிற உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

என் கவலை உங்கள் கடிதத்தின் பின்குறிப்பில் இருக்கிறது. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத்தான் மூன்று முறை படித்தேன். அறிக்கையில் ஒவ்வொரு கார்டுக்கும் எதிரே 12 மாதத்துக்கு 12 எழுத்துகள் கொண்ட ஒரு வரி இருக்கும். ஒழுங்காகக் கட்டினால் ‘ஏ’. தாமதம் 30 நாளைத் தொட்டால் ‘பி’. 60 நாள் என்றால் ‘சி’. நீங்கள் ஐந்து வாரம், அதாவது 35 நாள் தாமதம். வரிசையாக நிற்கும் ‘ஏ’க்களின் நடுவே ஒரு ‘பி’ விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். பாக்கி 38 வெள்ளியா 3,800 வெள்ளியா என்று அந்த எழுத்து சொல்லாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, இங்கே சுமைகூலி அந்த 100 வெள்ளியோடு நிற்கவில்லை. அந்த ‘பி’ ஓர் ஆண்டு வரை வரியில் இருக்கும். ஐந்து கார்டு, ஐந்து கெடு தேதி, இழுப்பறையில் கிடக்கும் கார்டில் மாதாமாதம் விழும் ஒரு சின்னச் சந்தா! மறதி உங்கள் குற்றம் இல்லை, இந்த ஏற்பாடே மறக்க வைப்பது. ஐந்து கார்டுக்கும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் கழியும் ஜைரோ ஏற்பாட்டைப் போட்டு, ‘முழுத் தொகை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘குறைந்தபட்சத் தொகை’ வேண்டாம்.

ரத்து செய்வதைப் பொறுத்தவரை, ஐந்தையும் ஒரே நாளில் மூடாதீர்கள். நடந்த விசாரணைகள் மூடினாலும் அழியாது. சில அன்பளிப்புகளைக் குறிப்பிட்ட மாதங்களுக்குள் கார்டை மூடினால் திருப்பிக் கேட்பார்கள், நிபந்தனையைப் படியுங்கள். உங்களுக்கு உண்மையில் பயன்படும் இரண்டை வைத்துக்கொண்டு, மற்ற மூன்றை முதலாண்டு முடிந்து ஆண்டுக் கட்டணம் விழுவதற்குள் ஒவ்வொன்றாக மூடுங்கள். வைத்திருப்பதன் வரம்பை 5,000 வெள்ளிக்குக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், குறைப்பார்கள்.

வீட்டுக் கடன்தான் எனக்கு முக்கியம். வீவக வீட்டுக்கு மாதத் தவணை வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. உங்கள் சம்பளத்துக்கு 1,560 வெள்ளி. வருங்கால மனைவியும் சேர்ந்து வாங்கினால் இருவர் வருமானமும் சேரும். எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து 55 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். கல்யாண நகைக்கும் சோபாவுக்கும் வட்டியில்லாத் தவணை என்று கார்டில் போட்டால் அதுவும் இந்தக் கணக்கில் ஏறும். ஆகவே கடன் கையில் வந்து சாவி வாங்கும் வரை புதுக் கார்டும் வேண்டாம், கார்டில் தவணையும் வேண்டாம். எவ்வளவு நல்ல அன்பளிப்பாக இருந்தாலும் சரி.

இப்போது செய்யவேண்டியது ஒன்று. பியூரோவின் உறுப்பு வங்கி உங்கள் விண்ணப்பத்தை ஏற்றாலும் மறுத்தாலும், அந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கடன் அறிக்கையை இலவசமாக வாங்கலாம். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. போன வாரம் மறுத்திருக்கிறார்கள் என்றால் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸில் நுழைந்து அறிக்கையை எடுங்கள். அந்த 38 வெள்ளிக் கார்டுக்கு எதிரே இருக்கும் வரியைப் பாருங்கள். ஒருவேளை ஐந்து வாரம் என்ற உங்கள் கணக்கு தவறாகி, 30 நாளுக்குள் கட்டியும் ‘பி’ போட்டிருந்தால், பணம் கட்டிய ரசீதோடு அந்த வங்கியிடம் திருத்தச் சொல்லுங்கள். என்ன எழுத்து இருந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.